தாத்தாவோட பட்டாளக் கதைய லினோவுல வெட்டறவங்க: டோரஸ் நீரிணையில இருந்து ஆரம்பிக்கறேன், நீங்களும் வாங்க

மசிக்கை எழுதியது:

மக்களே, இந்த ஓவியம் பகுதில எப்பவும் பெயின்டிங் பத்தியே பேசிட்டு இருக்கோம், அச்சுக் கலை பக்கம் யாரும் எட்டிக்கூட பாக்கறதில்ல. அதான் இந்த இழை. கொஞ்சம் பெருசா போகும், பொறுமையா படிங்க.

ஆஸ்திரேலியாவோட வடக்கு முனை கேப் யார்க், அதுக்கு மேல பப்புவா நியூ கினி, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற கடல் தான் டோரஸ் நீரிணை. படு, மோவா, மபுயாக், சாய்பாய், எருப், மெர்னு வரிசையா தீவுங்க. 1941ல ஜப்பான் பயம் வந்தப்ப அங்க உடம்புல தெம்பு இருந்த ஆம்பளைங்க கிட்டத்தட்ட எல்லாருமே பட்டாளத்துல சேந்துட்டாங்க, எண்ணூறு பேருக்கு மேல. அந்த மொத்த ஜனத்தொகையே சில ஆயிரம் தான், அத வெச்சு பாருங்க. 1943ல அது டோரஸ் ஸ்ட்ரெய்ட் லைட் இன்ஃபன்ட்ரி பட்டாலியன் ஆச்சு. ஆஸ்திரேலிய ராணுவத்துல பூர்வகுடிகளுக்குன்னே இருந்த பட்டாலியன் அது ஒண்ணு தான். பக்கத்துல ஹார்ன் தீவுல விமான தளம், 1942 மார்ச் 14ஆம் தேதி ஜப்பான் விமானங்க அங்க வந்து தாக்குச்சு, அப்புறமும் திரும்பத் திரும்ப வந்துச்சு.

இவ்வளவு பண்ணவங்களுக்கு சம்பளம் எவ்வளவு தெரியுமா, வெள்ளக்கார சிப்பாய்க்குக் குடுத்ததுல மூணுல ஒரு பங்கு. 1943 டிசம்பர் கடைசில கம்பெனி கம்பெனியா வேலைக்கு வரமாட்டோம்னு உக்காந்துட்டாங்க. நெனச்சுப் பாருங்க, யுத்தம் நடந்துட்டு இருக்கு, ராணுவத்துக்குள்ள இருந்துட்டு, யூனிஃபார்மோட ஸ்ட்ரைக். அதுக்கப்புறம் மூணுல ரெண்டு பங்கா ஏத்தினாங்க, அப்பவும் முழுசு இல்ல. பாக்கிப் பணம் 1980கள்ல தான் வந்துச்சு, அதுக்குள்ள எத்தன பேர் போய்ச் சேந்துட்டாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். இதே தீவுகள்ல இருந்து தான் 1990கள்ல ஆரம்பிச்சு உலகமே திரும்பிப் பாத்த லினோகட் அச்சுங்க (லினோலியம் விரிப்புல செதுக்கி மசி தடவி எடுக்கறது) வந்துச்சு. அலிக் டிபோட்டி, பில்லி மிஸ்ஸி, டேவிட் போசன், பிரையன் ராபின்சன், க்ளென் மக்கீ எல்லாரும் அந்தப் பட்டாலியன்ல இருந்தவங்களுக்கு அடுத்தடுத்த தலமுறை ஆளுங்க. அச்சுன்னு ஒரு வடிவம் அவங்க கையில இருக்கு, சொல்லாம விட்ட ஒரு தாத்தா கதை வீட்டுல இருக்கு. இந்த ரெண்டும் சேரும்போது என்ன நடக்குதுன்னு தான் எனக்குப் பேசணும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கான்னு எங்க பாத்தாலும் பூர்வகுடிக் கலைஞர்கள் முன்னோர் போன யுத்தத்த சொல்றதுக்கு அச்ச எடுக்கறாங்க. ஏன் அச்சு? வீரத்த மட்டும் காட்டினா போதுமா, அந்த மூணுல ஒரு பங்கு சம்பளமும் படத்துல வரணுமா? என் கட்சி என்னன்னா கட்டாயம் வரணும். சம்பளத்த விட்டுட்டு வீரத்த மட்டும் வெட்டினா அது அரசாங்கம் ஏற்கனவே வெச்சிருக்கற சிலையோட இன்னொரு காப்பி, அவ்வளவு தான்.

ரோலர்பாண்டி எழுதியது:

அருமையான இழை மசிக்கை. நான் பிரின்ட்மேக்கிங் படிச்சவன், இப்பவும் லினோ வெட்டறேன், அதனால கைவேலை பக்கம் கொஞ்சம் சொல்றேன்.

லினோன்னா தரைல விரிக்கற அதே லினோலியம் தான், ஆளிவிதை எண்ணெய், கார்க் தூள் எல்லாம் சேத்து சணல் துணி மேல படிய வெச்சது. குளிர்ல கெட்டியாகி உளி வழுக்கும், வெயில்ல கொஞ்ச நேரம் வெச்சா ஊறவெச்ச தோல் மாதிரி இளகிடும், அப்ப வெட்டினா கோடு சுத்தமா வரும். வெட்டி எடுத்த இடம் வெள்ளையா நிக்கும், வெட்டாம விட்ட இடம் தான் மசி வாங்கி கறுப்பா வரும். அதாவது நீ எதத் தொடலையோ அது தான் படம். தப்பா வெட்டிட்டா திருப்பி ஒட்ட முடியாது.

டோரஸ் நீரிணைக்காரங்க அச்ச பாத்தீங்கன்னா ஒரு அங்குலம் கூட சும்மா இருக்காது, மீன் உடம்பு, கடல் அலை, காத்து, எல்லாத்துக்குள்ளயும் மெல்லிசா கோடு கோடா ஓடும். அந்தக் கோட்டு வேலைய அவங்க மினரல்னு சொல்றாங்க. முன்னாடி மத்தளத்துல, மரத்துல, ஆமை ஓட்டு முகமூடில, முத்துச் சிப்பில செதுக்கினது அது. மிஷனரிங்க வந்தப்புறம் அதுல பலது அழிஞ்சுது, மிச்சம் வெளிநாட்டு மியூசியங்களுக்குப் போயிடுச்சு. பேரப்பசங்க அங்க போயி தாத்தா செதுக்கினத கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாத்துட்டு வந்து லினோல திரும்ப செதுக்கறாங்க. அலிக் டிபோட்டியோட கிரெலால்னு ஒரு அச்சு, 2011ல பண்ணது, எட்டு மீட்டர் நீளம். எட்டு மீட்டர் லினோவுல கையால ஒவ்வொரு கோடா.

இன்னொண்ணு, எழுத்து வெட்டறவங்களுக்குத் தான் தெரியும். அச்சுல எல்லாமே திரும்பித் தான் விழும். அதனால பேர், பட்டாள நம்பர், தேதி எதுவா இருந்தாலும் கண்ணாடில தெரியற மாதிரி திருப்பி வலதுல இருந்து இடதுக்கு வெட்டணும். தாத்தா பேர அப்படி ஒவ்வொரு எழுத்தா திருப்பி வெட்டும்போது அந்தப் பேர நீ படிக்க முடியாது, வெறும் வளைவும் கோடுமா தான் கண்ணுக்குத் தெரியும். பேப்பர தூக்கற அந்த நொடி வரைக்கும் பேர் வராது. எங்க சித்தப்பா பேர ஒரு தடவ நான் வெட்டினேன், பேப்பரத் தூக்கினதும் கொஞ்ச நேரம் பேச்சே வரல எனக்கு. பெயின்டிங்ல இது நடக்காது.

வடகரை எழுதியது:

அண்ணா ஒரு சந்தேகம், லினோவே ஏன்? அந்தத் தீவுல ஓவியம் வரைய பெயின்ட், கேன்வாஸ் கிடைக்கலையா?

ரோலர்பாண்டி எழுதியது:

@வடகரை கிடைக்கும் தம்பி, ஆனா அவங்க கை செதுக்கற கை. ஆஸ்திரேலியாவோட வடகிழக்குக் கரை ஊரான கெய்ர்ன்ஸ்ல, டேஃப்ங்கற தொழிற்கல்விக் காலேஜ்ல பூர்வகுடிப் பசங்களுக்குன்னு ஓவியப் படிப்பு ஆரம்பிச்சப்ப லினோவ குடுத்ததும் டக்குனு பிடிச்சுக்கிட்டாங்க, மரம் செதுக்கற பழக்கம் அப்படியே ஒத்துப் போச்சு. அப்புறம் கெய்ர்ன்ஸ்லயே நல்ல அச்சுக்கூடங்க வந்துச்சு. மோவா தீவுல குபின் ஊர்ல கலைஞர்கள் கூட்டா சேந்து நடத்தற இடம் இருக்கு. இப்ப சில பேர் லினோவுக்கு பதிலா வினைல் தரை விரிப்பையே வெட்டறாங்க, பெருசா கிடைக்கும், மலிவு, கோடும் கூர்மையா விழும்.

ஆஸ்திரேலியப் பூர்வகுடி அச்சுக்கே ஆரம்பம் ஒரு ஜெயில்ல தான். கெவின் கில்பர்ட், விராஜுரிங்கற பூர்வகுடி இனத்து ஆளு, 1960கள்ல சிட்னில ஜெயில்ல இருந்தப்ப தரைல கிடந்த பழைய லினோவ எடுத்து ஸ்பூன், ஃபோர்க், ஷேவிங் பிளேடு, ஆணி இதெல்லாம் தேச்சு உளியாக்கி வெட்டினாரு. பின்னாடி கவிஞரா, நாடக ஆசிரியரா, போராட்டக்காரரா பெரிய ஆளானாரு. அதனால இந்த வடிவத்துக்குள்ளயே கோபம் முதல்ல இருந்தே இருக்கு, மசிக்கை சொல்ற சம்பளக் கணக்கு இதுல ஒட்டாத விஷயம் இல்ல.

தோழர்_கார்முகில் எழுதியது:

எல்லாம் சரி, ஆனா எனக்கு ஒண்ணு உறுத்துது, நேரா கேட்டுடறேன். நிலத்த பிடுங்கினவன், பிள்ளைகள பிடுங்கினவன், ஓட்டு குடுக்காதவன், அவன் கொடிக்குக் கீழ நின்னு சண்டை போட்டத எதுக்கு நினைவு கொண்டாடணும்? அது ஏகாதிபத்திய யுத்தம். அந்த யுத்தத்துல போனத பெருமையா அச்சடிச்சு ஹால்ல மாட்டினா அதிகாரத்துக்குத் தான் லாபம். பாருங்க எல்லாரும் எங்களோட தான் இருந்தாங்கன்னு சொல்லிக்குவான். எதிர்த்து நின்னவங்களுக்கு எங்க அச்சு?

பழையபட்டாளம் எழுதியது:

தோழர், நான் சர்வீஸ்ல இருந்து ரிடையர் ஆனவன். உங்க கேள்வி நியாயம், ஆனா போனவன் எதுக்குப் போனான்னு அவன் வீட்ல கேளுங்க, சட்டத்தக் கேக்காதீங்க. முதல் உலகப் போர்ல ஆஸ்திரேலிய சட்டம் ஐரோப்பிய வம்சம் இல்லாதவன சேக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. அப்படியும் ஆயிரம் பேருக்கு மேல உள்ள போயிட்டாங்க. 1917 மே மாசம் ஆள் பத்தலன்னதும் அப்பா அம்மால ஒருத்தர் ஐரோப்பியரா இருந்தா போதும்னு விதிய தளர்த்தினாங்க. விக்டோரியால குண்டிட்ஜ்மாரா மக்கள், லேக் கோண்டாங்கற இடம், அங்க லவட் குடும்பத்துல அஞ்சு அண்ணன் தம்பிங்க முதல் போருக்குப் போனாங்க, அஞ்சு பேரும் உயிரோட திரும்பினாங்க, அதுல நாலு பேர் ரெண்டாம் போர்லயும் சேந்தாங்க. திரும்பி வந்த சிப்பாய்களுக்கு அரசாங்கம் நிலம் குடுத்துச்சு. அவங்க ஊரான லேக் கோண்டா மிஷன் நிலத்தையே கூறு போட்டு வெள்ளக்கார சிப்பாய்களுக்குக் குடுத்தாங்க. இவங்களுக்கு ஒண்ணும் இல்ல.

அதே குண்டிட்ஜ்மாரால இருந்து தான் ரெக் சாண்டர்ஸ். அவர் அப்பா முதல் போர் சிப்பாய். ரெக் ரெண்டாம் போர்ல கிரீஸ் நாட்டு கிரீட் தீவுல ஜெர்மன்காரன் கையில மாட்டாம கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஊர் ஜனங்க தயவுல ஒளிஞ்சு இருந்து தப்பிச்சாரு, 1944ல ஆஸ்திரேலிய ராணுவத்துல முதல் அபோரிஜின ஆபீசர் ஆனாரு. தம்பி ஹாரி பப்புவால 1942ல செத்துட்டாரு. இவங்க பேர வெட்டறது அதிகாரத்துக்கு லாபம்னு எனக்குத் தோணல தோழர். பேரு வெளிய வந்தா நிலம் எங்கன்னு கேள்வியும் கூடவே வெளிய வரும்.

மசிக்கை எழுதியது:

@தோழர்_கார்முகில் எதிர்த்து நின்னவங்களுக்கும் அச்சு இருக்கு, நீங்க கேட்டது நல்லதாப் போச்சு.

அமெரிக்கால ஷயான், அரபாஹோங்கற பூர்வகுடி இனத்துக் கலைஞர் எட்கர் ஹீப் ஆஃப் பேர்ட்ஸ். அவர் முன்னோர் ஒருத்தர அமெரிக்க ராணுவம் 1875ல பிடிச்சு ஃப்ளோரிடால ஃபோர்ட் மேரியன் கோட்டைல அடச்சு வெச்சது, மொத்தம் 72 கைதிங்க, அவர் அங்கயே செத்துட்டாரு. எட்கர் பண்றது மோனோபிரின்ட். தகட்டுல மசியால வாசகம் எழுதி ஒரு தடவ அழுத்தி எடுப்பாரு, கெட்டியா பளிச்சுனு வரும். அதுக்கப்புறம் புது மசி போடாம தகட்டுல மிச்சம் ஒட்டிட்டு இருக்கறத வெச்சே இன்னொரு பேப்பர்ல அழுத்துவாரு, மங்கலா, பாதி அழிஞ்ச மாதிரி வரும். ரெண்டையும் பக்கம் பக்கமா மாட்டுவாரு. அச்சுக்கூடத்துல வழக்கமா அந்த ரெண்டாவது மங்கல் அச்ச ஒதுக்கிடுவாங்க, இவர் அதையும் சமமா செவுத்துல ஏத்தறாரு. செத்தவங்க, மறந்துட்டவங்க கதைக்கு இத விட பொருத்தமான வேலை முறை எனக்குத் தெரியல.

அமெரிக்காவோட ஓக்லஹோமா மாநிலத்துல ஜான் ஹிட்ச்காக், அவர் வளந்தது ஃபோர்ட் சில் பீரங்கிப் பயிற்சி முகாமுக்குப் பக்கத்துல, கோமாஞ்சிங்கற பூர்வகுடிங்களோட நிலத்துல. அவரோட ஸ்க்ரீன்பிரின்ட்ல (சல்லடைத் துணி வழியா மசி இறக்கற அச்சு) காட்டெருமையும் டாங்கியும் ஹெலிகாப்டரும் ஒண்ணா ஓடும். பாட்டி மணி கோத்தது, பீரங்கி சத்தம், ரெண்டும் ஒரே வீட்டு நினைவு அவருக்கு. டி சி கேனன், கயோவா இனத்து ஓவியர், அவரே வியட்நாம் யுத்தத்துல அமெரிக்க ராணுவத்தோட 101 ஏர்போர்ன் படைல இருந்தவரு, ரெண்டு வெண்கல ஸ்டார் மெடல் வாங்கினவரு, திரும்பி வந்து கயோவா வீரர் சங்கத்துலயும் சேந்தாரு, அந்த யுத்தத்து மேல இருந்த கசப்பையும் படத்துல போட்டாரு. 1978ல 31 வயசுல கார் விபத்துல போயிட்டாரு. பெருமையும் கசப்பும் ஒரே ஆளுக்குள்ள இருக்கு தோழர், ஏதாவது ஒண்ண எடுத்துக்கோன்னு அவங்கள நாம வற்புறுத்த முடியாது.

தோழர்_கார்முகில் எழுதியது:

மங்கல் அச்சு விஷயம் மனசுல நிக்குது. ஆனா என் கேள்விய நான் விடல. நியூசிலாந்துல 1917ல அங்கத்த பூர்வகுடியான மவோரிகள்ல வைகாட்டோ பகுதி ஆளுங்கள மட்டும் கட்டாயமா பட்டாளத்துக்கு இழுத்தாங்க. அவங்க நிலத்த 1860கள்ல பறிமுதல் பண்ணதால வரமாட்டோம்னு சொன்னவங்க அவங்க. தே புயான்னு இளவரசி, அந்தப் பசங்களத் தன் இடத்துல கூட்டி வெச்சு காப்பாத்தப் பாத்தாங்க. போலீஸ் வந்து ஆள ஆளா தூக்கிட்டுப் போச்சு. போகாதவனோட தைரியத்த நினைவு வெக்கற கலைக்கு அரசு காசு குடுக்குமா?

மெல்பேர்ண்_பிள்ளை எழுதியது:

வணக்கம், நான் இஞ்ச மெல்பேர்ண்ல இருக்கிறன். தோழர் கேட்டதுக்கு ஒரு விஷயம் சொல்லலாம். முதல் உலகப் போர்ல போன ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையளை நினைக்கிற ஆன்சாக் நூற்றாண்டு வந்த நேரம் கன்பராவில இருக்கிற போர் நினைவகம் ஆஸ்திரேலியா நியூசிலாந்து ரெண்டிலயும் இருந்து பத்து ஓவியர்களைப் பிடிச்சு ஒரு அச்சுத் தொகுப்புச் செய்விச்சது, எல்லாம் இஞ்ச ஃபிட்ஸ்ராய்ல இருக்கிற ஆஸ்திரேலியன் பிரின்ட் ஒர்க்‌ஷாப்பில தான் அடிச்சது. அதில டேனியல் பொய்ட், மேகன் கோப், மவோரிப் பக்கம் ஷேன் கொட்டன், பிரெட் கிரஹாம் எல்லாரும் இருந்தவை. பிரெட் கிரஹாம் நீங்கள் சொன்ன அந்த வைகாட்டோ ஆக்களும் சேந்த தைனுயி வழியைச் சேந்தவர் தான். அரசாங்க நினைவகமே பூர்வகுடி ஆக்களிட்ட கேட்டது, அவை தங்கட பார்வையில தான் செய்தவை. காசு ஆர் குடுத்தது எண்டதை மட்டும் பாத்து படத்தைத் தள்ளக் கூடாது எண்டு நான் நினைக்கிறன்.

டேனியல் பொய்ட் பிறகு 2019ல அதே நினைவக வளவுக்குள்ள பூர்வகுடிச் சிப்பாய்களுக்கான நினைவிடத்தையும் வடிவமைச்சவர். வட்ட வட்டமாக் கண்ணாடி, முன்னால போய் நிண்டால் உங்கட முகம் துண்டு துண்டாத் தெரியும். நான் போய் நிண்டு பாத்தனான். பல ஊர்களில இருந்து அந்தந்தச் சனங்கள் கொண்டு வந்த மண்ணும் அங்க வைச்சிருக்கினம்.

நிலாமுற்றம் எழுதியது:

இவ்வளவு நேரம் ஆம்பளைங்க கதையே ஓடுது, அதனால உள்ள வரேன். எண்ணூறு பேர் பட்டாளத்துக்குப் போயிட்டாங்கன்னு ஈசியா எழுதிட்டீங்க, அந்தத் தீவுகள்ல அந்த வருஷங்க யாரு சோறு போட்டா? பொம்பளைங்க தான். தோட்டம் போட்டாங்க, மீன் பிடிச்சாங்க, குழந்தைங்களையும் வயசானவங்களையும் பாத்துக்கிட்டாங்க, ஜப்பான் விமானம் சத்தம் கேட்டா காட்டுக்குள்ள, மேட்டுக்கு மேல தூக்கிட்டு ஓடினாங்க. டோரஸ் நீரிணையோட நிர்வாக மையமான தர்ஸ்டே தீவுல இருந்த சிவிலியன் ஜனங்கள 1942 ஜனவரில தெக்கால அனுப்பிட்டாங்க, தூரத் தீவுக்காரங்கள யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போகல. அவங்களுக்கு மெடலும் இல்ல, பாக்கி சம்பளமும் இல்ல. தாத்தாவோட சேவைன்னு அச்சுல வெட்டறப்ப பாட்டிய எந்த மூலைல வெப்பீங்க?

இன்னொரு விஷயமும் சேத்துக்கோங்க. தர்ஸ்டே தீவுல முத்துக் குளிக்க வந்த ஜப்பான்காரங்க பெரிய கூட்டமா இருந்தாங்க, யுத்தம் வந்ததும் அவங்கள பிடிச்சு முகாம்ல அடச்சுட்டாங்க. அவங்கள்ல சில பேர் தீவுப் பொண்ணுங்களக் கட்டிக்கிட்டவங்க. அந்தக் குடும்பங்கள்ல ஒரு பக்கம் மாமா பட்டாளத்துல, இன்னொரு பக்கம் தாத்தா முகாம்ல. அந்த வீட்டுப் பிள்ளை எந்த முன்னோர வெட்டும்?

மசிக்கை எழுதியது:

நிலா அக்கா, இது என் மண்டைல ஏறவே இல்லாம இருந்த கோணம், நன்றி. சம்பளத்தையும் வெட்டணும்னு நான் சொன்னேன், தோட்டத்தையும் வெட்டணும். டோரஸ் அச்சுல ஒரு வசதி என்னன்னா முன்னாடி இருக்கறது, பின்னாடி இருக்கறதுன்னு பிரிவு இல்ல, எல்லாம் ஒரே பரப்புல பின்னிக் கிடக்கும். துப்பாக்கி பிடிச்ச ஆளும் கிழங்கு தோண்டற பொம்பளையும் ஒரே அளவுல ஒரே கோட்டுக்குள்ள வர முடியும். சிலைல அது முடியாது, சிலைன்னா ஒருத்தன் மேடை மேல நிப்பான்.

பிரையன் ராபின்சன் அச்சுகள்ல இத பாக்கலாம். தர்ஸ்டே தீவுக்காரர் அவரு, மினரல் கோட்டுக்குள்ளயே ஐரோப்பிய ஓவியத்துல வர்ற தேவதைங்க, காமிக்ஸ் ஆளுங்க, விண்வெளிக்கார பொம்மைங்க எல்லாரையும் சேத்து நிக்க வெப்பாரு. பூர்வகுடி அச்சுன்னா பழசு மட்டும் தான் வரணும்னு நெனைக்கறவங்களுக்கு அவர் படம் நல்ல மருந்து.

கெய்ர்ன்ஸ்வாசி எழுதியது:

நான் கெய்ர்ன்ஸ்ல வேலை பாக்கறேன், வருஷா வருஷம் இங்க பூர்வகுடிக் கலைச் சந்தை நடக்கும், 2009ல இருந்து நடக்குது. அங்க போய் டோரஸ் நீரிணைக்காரங்களோட பேசிப் பேசி கத்துக்கிட்டது ஒண்ணு சொல்றேன். அவங்ககிட்ட செத்தவங்கள நினைக்கறது அடக்கத்தோட முடியாது. ஒருத்தர் செத்து ஒரு வருஷமோ அதுக்கும் மேலயோ ஆனப்புறம் தான் கல்லறைக் கல் திறப்புன்னு பெரிய விசேஷம் நடக்கும். குடும்பம் மொத்தமும் காசு சேத்து கல்லு செய்வாங்க, அத துணியால மூடி, மேல பரிசுப் பொருள் எல்லாம் வெச்சு, ஜபம் பண்ணி, ஒவ்வொரு துணியா எடுத்துத் திறப்பாங்க, அப்புறம் விருந்து, ராத்திரி முழுக்க ஆட்டம். தூர ஊர்ல வேலை பாக்கறவன் எல்லாம் லீவு போட்டு வந்துடுவான். அதனால தாத்தா போய் இவ்வளவு வருஷம் கழிச்சு எதுக்கு இப்ப அச்சு போடறீங்கன்னு அங்க யாரும் கேக்க மாட்டாங்க. நாள் கழிச்சு, காசு சேத்து, எல்லாரும் கூடி செய்யறது தான் அவங்க முறை.

யுத்தக் கதை முதல்ல தங்கினது கூட ஆட்டத்துல தான். விமானம் மாதிரி செஞ்சத தலைல கட்டிக்கிட்டு ஆடற ஆட்டம் இருக்கு, பாத்திருக்கேன், தலைய ஆட்டினா றெக்கை சுத்தும். கேக்கறவங்களுக்கு விளையாட்டா தெரியலாம், ஆடறவங்க முகத்த பாத்தா அப்படித் தோணாது. வடக்கால டார்வின் ஊருக்குப் பக்கத்துல இருக்கற டிவி (Tiwi) தீவுகள்லயும் டார்வின் குண்டு வீச்சப் பத்தி பாட்டும் ஆட்டமும் இருக்கு. 1942 பிப்ரவரி 19 டார்வின தாக்க வந்த ஒரு ஜப்பான் போர் விமானி அந்த டிவி தீவுகள்ல ஒண்ணான மெல்வில் தீவுல இறங்கிட்டான், அவனப் பிடிச்சது மத்தியாஸ் உலுங்குரான்னு டிவி ஆளு. ஆஸ்திரேலிய மண்ணுல பிடிபட்ட முதல் ஜப்பான் போர்க் கைதி அவன். அந்த டிவி தீவுகள்லயே 1969ல பீட் டுங்குட்டலும்னு ஒரு பையன் இன்னொருத்தரோட சேந்து மரக்கட்டைல செதுக்கி அச்சடிக்க ஆரம்பிச்சாரு, டிவி டிசைன்ஸ்ங்கற கலைக்கூடம் அதுல இருந்து வளந்தது தான். ஆட்டம், மரம், அச்சு, எல்லாம் ஒரே ஆளுங்க கையில.

வடகரை எழுதியது:

படிக்கப் படிக்க ஆர்வமா இருக்கு. ஒரு கேள்வி, பெயின்டிங்க விட அச்சு இந்த விஷயத்துக்குப் பொருத்தம்னு எல்லாரும் சொல்றீங்க, நியூசிலாந்துல பெரிய ஓவியர் ஒருத்தர் அண்ணன் யுத்தத்துல செத்ததப் பத்தி பெயின்டிங் தான் பண்ணாருன்னு எங்கயோ படிச்சேன், அது யாரு?

மசிக்கை எழுதியது:

@வடகரை ரால்ஃப் ஹோடெரே. வடக்குக் கோடி மிட்டிமிட்டில பொறந்தவரு. அண்ணன் ஜாக் 1943ல இத்தாலில செத்து சாங்க்ரோ ஆத்துப் பக்கம் இருக்கற யுத்தக் கல்லறைல புதைச்சிருக்காங்க. ரால்ஃப் 1960கள்ல ஐரோப்பாவுக்குப் படிக்கப் போனப்ப அந்தக் கல்லறைக்குப் போயி பாத்துட்டு வந்து சாங்க்ரோன்னே ஒரு வரிசை வரைஞ்சாரு, செத்த பசங்களோட வயசெல்லாம் வெறும் எண்ணா படத்துல வரும். அது பெயின்டிங் தான், மறுக்கல. ஆனா அந்த எண்ணையும் எழுத்தையும் பாத்தா கல்லறைக் கல்லுல பொறிச்ச எழுத்த எடுத்து வந்து வெச்ச மாதிரி இருக்கும், பின்னாடி அவர் லித்தோகிராஃபும் (கல்லுல வரைஞ்சு எடுக்கற அச்சு) நெறைய பண்ணாரு.

ரெண்டாம் உலகப் போர்ல நியூசிலாந்தோட 28 மவோரி பட்டாலியன்ல மொத்தம் 3,600 பேர் வரைக்கும் இருந்தாங்க, 649 பேர் திரும்பல. கம்பெனியே இனக்குழு வாரியா, ஊர் வாரியா பிரிச்சது, அதனால ஒரு நாள் சண்டை மோசமாப் போனா ஒரே ஊர்ல பல வீட்ல ஒண்ணா சாவு விழும். கடைசியா உயிரோட இருந்த பாம் கில்லீஸ் 2024ல தான் காலமானாரு. இனி அந்தக் கதைய நேர்ல சொல்ல ஒருத்தரும் இல்ல.

என் கேள்விக்கு நானே சொல்லணும்னா, அச்சு ஏன்னா அது ஒண்ணா நிக்காது. ஒரே தகட்டுல இருந்து எடுக்கற ஒரு எடிஷன்ல முப்பது பிரதி அடிச்சா ஒண்ணு கன்பரா போகும், ஒண்ணு லண்டன் போகும், ஒண்ணு தீவுல அத்தை வீட்டு ஹால்ல இருக்கும், மூணும் ஒரே படம், எது அசல்னு சண்டை இல்ல. மியூசியம் தன்கிட்ட மட்டும் தான் தாத்தா இருக்காருன்னு சொல்ல முடியாது. முன்னாடி முகமூடிய எடுத்துட்டுப் போனப்ப ஊர்ல ஒண்ணும் மிஞ்சல, இப்ப எடுத்துட்டுப் போனாலும் ஊர்ல மிஞ்சுது.

பழையபட்டாளம் எழுதியது:

மசிக்கை சொன்ன இந்தக் கடைசி பாராவுக்காகவே இந்த இழைய சேமிச்சு வெக்கறேன். ஒரு சின்ன சேர்க்கை. ரெண்டாம் போர்ல தங்க மொழிய வெச்சு அமெரிக்கப் படைக்கு ரகசியச் செய்தி அனுப்பின நவாஹோ பூர்வகுடி கோட் டாக்கர்ஸ் 1942ல முதல்ல 29 பேர், அப்புறம் கிட்டத்தட்ட நானூறு பேர், அவங்க வேலை 1968 வரைக்கும் ரகசியம். வீட்ல பொண்டாட்டி பிள்ளைங்ககிட்ட கூட சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. டோரஸ் நீரிணைல ரகசிய உத்தரவு எதுவும் இல்ல, ஆனா வெளிய யாரும் கேக்கல, அதனால சொல்லல. ரெண்டு எடத்துலயும் பேரப் பிள்ளைங்க தான் வந்து கேக்க வேண்டியிருந்துச்சு. சர்வீஸ்ல இருந்த எங்களுக்கும் யாராவது உக்காந்து கேட்டாத் தான் வாய் வரும்.

தோழர்_கார்முகில் எழுதியது:

படிச்சேன், திரும்பப் படிச்சேன். ஏகாதிபத்திய யுத்தம்ங்கறதுல என் கருத்து மாறல. ஆனா 1943 ஸ்ட்ரைக்க ஒரு அச்சா பாக்கணும்னு ஆசையா இருக்கு, துப்பாக்கிய கீழ வெச்சுட்டு தரைல உக்காந்திருக்கற சிப்பாய்ங்க. 1936லயே அந்தத் தீவுக்காரங்க முத்துக் குளிக்கற படகுகள்ல பெரிய ஸ்ட்ரைக் பண்ணவங்க, சம்பளத்த பாதுகாவலர்ங்கற பேர்ல அதிகாரி வெச்சுக்கறத எதிர்த்து. பட்டாளத்துல உக்காந்தவங்க அத மறந்திருக்க மாட்டாங்க. அந்தத் தொடர்ச்சிய யாராவது வெட்டினா நான் என் வீட்ல மாட்டுவேன். எப்படி வாங்கறது, அதயாவது சொல்லுங்க, இணையத்துல போலி நெறைய இருக்காம்.

கெய்ர்ன்ஸ்வாசி எழுதியது:

@தோழர்_கார்முகில் போலி நெறைய தான், கவனமா இருங்க. முடிஞ்சா தர்ஸ்டே தீவுல இருக்கற காப் டிடுயி கலை மையம், இல்ல கெய்ர்ன்ஸ் கலைச் சந்தை, இல்ல கலைஞரோட நேரா வேலை செய்யற அச்சுக்கூடம், இங்க கேளுங்க. அச்சோட கீழ ஓரத்துல பென்சில்ல எண், தலைப்பு, கையெழுத்து இருக்கணும். 12/30னு இருந்தா முப்பதுல பன்னெண்டாவதுன்னு அர்த்தம், கம்ப்யூட்டர்ல அடிச்ச போஸ்டர்ல பெரும்பாலும் இது இருக்காது, இருந்தாலும் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தா புள்ளி புள்ளியா தெரியும். லினோன்னா மசி ஓரத்துல லேசா திரண்டு நிக்கும், பேப்பர் பின்னாடி விரல் வெச்சா அழுத்தம் தட்டுப்படும். எந்த ஊர், எந்தக் குடும்பம், கதைய சொல்ல அனுமதி யாருதுன்னு எழுதின சான்றிதழ் கேளுங்க, தயங்காம கேளுங்க, நல்ல மையங்கள்ல அவங்களே எடுத்துக் குடுப்பாங்க.

இன்னொண்ணு, 2010ல இருந்து ஆஸ்திரேலியால ஒரு சட்டம் இருக்கு. கடைக்காரர் மூலமா ஒரு படைப்பு மறுபடி கைமாறும்போது விலை ஆயிரம் டாலரோ அதுக்கு மேலயோ இருந்தா அஞ்சு சதவீதம் கலைஞருக்கு, அவர் இல்லன்னா வாரிசுக்குப் போகும். நீங்க பின்னாடி அப்படி வித்தாலும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு பங்கு போய்ச் சேரும். பேப்பர மடிக்காம குழல்ல போட்டு அனுப்பச் சொல்லுங்க, வந்ததும் ஆசிட் இல்லாத அட்டை வெச்சு ஃப்ரேம் போடுங்க, வெயில் படற செவுத்துல மாட்டாதீங்க.